நத்தைத் தொட்டிக்கு மயில்துத்தம் வேண்டாம்

"மகளின் ஆசைக்காகக் கண்ணாடித் தொட்டி வைத்து, வாய்க்கால் நத்தை நாலைந்து விட்டோம். மூன்றே வாரத்தில் வெள்ளை நூல் மாதிரி புழுக்கள் நெளிகின்றன. வீட்டில் மயில்துத்தம் இருக்கிறது, கொஞ்சம் போடலாமா?" என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

போடவே கூடாதும்மா. செம்பு கலந்த மருந்து எதுவானாலும் நத்தையைத்தான் முதலில் கொல்லும். நத்தையை ஒழிப்பதற்கென்றே மயில்துத்தத்தைப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

முதலில் புழுவைப் பாருங்கள். நூலாக நெளிந்தால் அது மண்புழுவின் சின்ன உறவுக்காரன். அடியில் மக்கும் கழிவைத் தின்னும், நத்தையைத் தொடாது. அது பெருகுகிறது என்றால் தீனி மிஞ்சுகிறது என்று அர்த்தம். பிள்ளைகள் கையில் தீனி டப்பாவைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்! ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். மிஞ்சியதை அன்றே எடுத்துவிடுங்கள். வாரம் ஒருமுறை மெல்லிய டியூப் வைத்து அடிக்கழிவோடு கால் பங்கு தண்ணீரை உறிஞ்சி வெளியேற்றி, குளோரின் இல்லாத தண்ணீரை ஊற்றுங்கள். புழுக்கள் தானாகக் குறையும்.

தட்டையாக, அம்புமுனைத் தலையோடு கண்ணாடியில் வழுக்கிக்கொண்டு போனால் அது தட்டைப்புழு. நத்தையின் முட்டைக்கும் குஞ்சுக்கும் ஆபத்து. முழுசாக உறிஞ்சி எடுங்கள். நசுக்கவோ நறுக்கவோ வேண்டாம்; துண்டுகூடத் தனிப்புழுவாக வளரும்.

நத்தையும் புழுவும் சேர்ந்து மேலே ஏறினால் தண்ணீர் கெட்டிருக்கலாம், உடனே கொஞ்சம் மாற்றுங்கள். வாய்க்கால் நத்தையில் ஒட்டுண்ணி இருக்கக்கூடும். தொட்டியில் கைவிட்டால் மகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள்.