காபனின் வலுவளவு ஏன் நான்கு?

சீனியிலும் நெய்யிலும் பருத்தியிலும் பனையோலையிலும் ஒருங்கே அமைந்துள்ள மூலகம் காபன். அதன் வலுவளவு நான்கு என்பதை மாணவர் மனனஞ் செய்துள்ளனர். ஆயின், ஏன் நான்கு என வினவுவார் சிலரே. அவ்வினாவை ஈண்டு ஆராய்வாம்.

காபன் அணுவின் கருவைச் சூழ ஆறு இலத்திரன்கள் உள. அவற்றுள் இரண்டு உள்ளோட்டில் அடங்கிவிட, எஞ்சிய நான்குமே பிணைப்புத் தொழிலை இயற்றுவன. வெளியோடு நிறைவதற்கு எட்டு வேண்டும். நான்கை முற்றாக இழத்தற்கோ ஏற்றற்கோ மிக்க சக்தி வேண்டுமாதலின், காபன் ஏனைய அணுக்களோடு இலத்திரன்களைப் பங்கிட்டுக்கொள்கின்றது. ஓரிணை இலத்திரன்களை இரண்டு அணுக்கள் பொதுவில் வைத்தலே இத்தகைய பிணைப்பு என்னுங் கருத்தை 1916இல் அமெரிக்க அறிஞர் லூயிசு வெளியிட்டார்.

இங்கு ஓர் ஐயம் எழும். வெளியோட்டு இலத்திரன்கள் நான்கும் ஒரே நிலையின அல்ல. இரண்டு, எஸ் என்னுந் தாழ்ந்த படியில் இணைந்து கிடப்பன. மற்றை இரண்டும் பீ என்னும் உயர்ந்த படியில் தனித்து நிற்பன. தனித்தவையே பங்கிற்கு வருமெனின், காபன் ஐதரசன் அணுக்கள் இரண்டோடு அமைதல் வேண்டும். அத்தகைய பொருள் உண்டெனினும், அது தோன்றிய கணத்தே பிறவற்றோடு தாக்குற்று மறையும். நிலைபெறுவதோ நான்கு ஐதரசன் அணுக்களைக் கொண்ட மெதேனே.

இதன் விடை ஒரு வரவுசெலவுக் கணக்கில் உளது. எஸ் படியிலுள்ள இலத்திரனொன்றைப் பீ படிக்கு உயர்த்த, மூலொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோயூல் செலவாகும். அதனால் மேலும் இரண்டு பிணைப்புக்கள் இயலும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 410 கிலோயூல் வரவு தரும். வரவு செலவின் இருமடங்கு ஆதலின் நான்கே நிலைக்கின்றது.

அப்போது எஸ், பீ படிகள் கலந்து ஒத்த நான்கு இடங்களாகும் என 1931இல் போலிங் விளக்கினார். அவை இயன்றவரை விலகி நிற்கையில் நான்முகி வடிவம் பிறக்கின்றது. இடைக்கோணம் 109 பாகை 28 கலை. இலத்திரன் கண்டறியப்படுமுன்னரே, 1874இல், வான்ட் ஹொவ்வும் லெ பெல்லுந் தனித்தனியே இவ்வடிவத்தைத் துணிந்தமை வியத்தற்குரியது.

வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு அணுக்களைப் பற்றி நிற்றலின், அது கடினமுடையதாகின்றது. கேகாலைப் பகுதியிலுள்ள போகலச் சுரங்கத்துக் காரீயத்திலோ, ஒவ்வோர் அணுவும் மூன்றையே பற்றித் தட்டுத்தட்டாய் அமைகின்றது. தட்டுக்களிடையே பற்று நொய்தாதலின் அது வழுக்குகின்றது. நான்காம் இலத்திரன் தட்டெங்கும் பரந்துலவுதலின் மின்னைக் கடத்துகின்றது. மூலகம் ஒன்றே, பிணையும் வகையே வேறு.

ஆகவே, நான்கு என்னும் எண்ணைக் கற்பிப்போர் அதன் பின்னுள்ள இக்கணக்கையும் உடன் கற்பித்தல் நன்று.