தானே கொல்லாத புற்றுநோய் மருந்து

பிளினடுமோமாப் என்ற மருந்தைப் புற்றுநோய் செல்களின் மேல் மட்டும் ஊற்றினால் அவை சாகா. பக்கத்தில் நோயெதிர்ப்பு மண்டலத்தின் டி செல்கள் இருந்தால்தான் அது வேலை செய்யும். அந்த மருந்துக்குத்தான், திரும்பத் தாக்கும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக 2014 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி தந்தது.

நம் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள் உண்டு; பொதுவாக இரண்டும் ஒரே இலக்கைத்தான் பற்றும். ஆய்வகத்தில் உருவாக்கப்படும் ஈரிலக்கு எதிர்ப்பொருளின் கைகளோ வெவ்வேறு இலக்குகளைப் பற்றும். அந்த வகையைச் சேர்ந்த பிளினடுமோமாபின் ஒரு முனை புற்று செல்லின் மேலிருக்கும் சிடி19 புரதத்தைப் பிடிக்கிறது, மறுமுனை டி செல்லின் சிடி3 புரதத்தை.

இதில் என்ன வியப்பு? வழக்கமாக ஒவ்வொரு டி செல்லும் தனக்கென அமைந்த அடையாளத்தை மட்டுமே எதிரியாக அறியும். கோடிக்கணக்கான டி செல்களில் புற்றை அடையாளம் காண்பவை மிகச் சில. அந்த அடையாளத்தையும் பல புற்று செல்கள் மறைத்துக்கொள்கின்றன. சிடி3யோ எல்லா டி செல்களிலும் உண்டு. டி செல்லை உசுப்பும் விசையும் அதுதான். ஆகவே எந்த டி செல் அகப்பட்டாலும் மருந்து அதைப் புற்று செல்லோடு ஒட்டவைத்துவிடும். டி செல் உடனே பெர்ஃபோரின் புரதத்தால் எதிரியின் சவ்வில் துளையிடும். அதன் வழியே புகும் கிரான்சைம் நொதிகள் புற்று செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும். பிறகு அதே டி செல் அடுத்த செல்லைத் தேடிப் போகும்.

பிளினடுமோமாப் சாதாரண எதிர்ப்பொருளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவே உள்ள சிறு மூலக்கூறு. சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அதனால் ஒரு சுற்றுக்கு 28 நாள், இரவும் பகலும் பம்ப் மூலம் ஏற்ற வேண்டியிருக்கிறது. 2017இல் வெளியான ஆய்வில், கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 4 மாதம். இம்மருந்து பெற்றவர்களுக்கு 7.7 மாதம்.

ஆபத்தும் இதே வழியில்தான் வருகிறது. உசுப்பப்பட்ட டி செல்கள் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்களைக் கொட்டுவதால் கடுங்காய்ச்சல் வரலாம், ரத்த அழுத்தம் சரியலாம். எனவே குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுகிறார்கள். எதிர்ப்பொருள் தயாரிப்புக்கு அடிப்படையான நலமான பி செல்களிலும் சிடி19 இருப்பதால் அவையும் அழிகின்றன. பி செல்கள் குறைந்தாலும் தொற்றுகளைச் சமாளித்து வாழலாம். நுரையீரலோ கல்லீரலோ தாக்கப்பட்டால் தாங்க முடியாது. திடக் கட்டிகளின் இலக்குப் புரதங்கள் பல இத்தகைய நலமான உறுப்புகளிலும் இருப்பதே அவற்றில் இம்முறை தாமதமானதற்கு முக்கியக் காரணம்.

2024இல் அனுமதி பெற்ற டார்லடமாப் என்ற ஈரிலக்கு மருந்து, நுரையீரலின் சிறுசெல் புற்றில் மிகுந்தும் நலமான செல்களின் மேற்பரப்பில் அரிதாகவும் காணப்படும் டிஎல்எல்3 புரதத்தைக் குறிவைக்கிறது. கொல்லும் திறன் நம் டி செல்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. சரியான இலக்கைத் தேர்ந்து காட்டுவதே இந்த மருத்துவத்தின் கடினமான பகுதி.