முதல் பிள்ளை ஜம்முனு இருக்கு... 2-வது பிள்ளைக்கு ஏன் ஆபத்து? 'நெகட்டிவ்' ரத்தத் தாய்மாருக்கு 72 மணி நேர ஊசி!

நரிக்குடி:

"தலைப்பிள்ளை கொழுகொழுன்னு பொறந்துச்சு. அடுத்த பிள்ளையை மட்டும் சாமி ஏன் எடுத்துக்கிருச்சு?"

நரிக்குடி, திருச்சுழி பக்கம் இப்படிச் சொல்லி அழுத தாய்மாரை நாம் பார்த்திருக்கிறோம். செய்வினை என்பார்கள் சிலர். மருமகள் வந்த நேரம் சரியில்லை என்பார் மாமியார். சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கொடுத்ததுதான் காரணம் என்று டீக்கடையில் தீர்ப்பு சொல்வார்கள். அப்படிப்பட்ட சில வீடுகளில் உண்மையான காரணம் ரத்தத்தில் இருந்திருக்கிறது. தாய்க்கு 'நெகட்டிவ்', வயிற்றில் இருந்த பிள்ளைக்கு 'பாசிட்டிவ்'.

இந்தச் செய்தியை எழுதும் நிருபரின் வீட்டிலேயே நடந்த சங்கதி இது. என் அக்காவுக்கு 2001-ல் தலைப்பிரசவம். வழக்கப்படி தாய் வீட்டில்தான் பார்த்தோம். ஆண் குழந்தை, ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரி சீட்டில் 'ஓ நெகட்டிவ்' என்று எழுதியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊசி எதுவும் போடாமலே வீட்டுக்கு வந்துவிட்டோம். 2004-ல் இரண்டாவது பிரசவம் மாமியார் ஊரில். குழந்தை உடம்பெல்லாம் நீர் கோர்த்து வீங்கிப் பிறந்தது. ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மதுரையில் ஒரு டாக்டர்தான், "முதல் பிரசவத்தோட ஒரு ஊசி போட்டிருக்கணுமே, போட்டாங்களா?" என்று கேட்டார். அந்த ஊசி பற்றி நாங்கள் கேள்விப்பட்டதே அன்றைக்குத்தான்.

அது என்ன நெகட்டிவ்?

ஏ, பி, ஏபி, ஓ என்று ரத்த குரூப் 4 வகை. அதன் வாலில் ஒட்டிக்கொண்டு வருவதுதான் பாசிட்டிவ், நெகட்டிவ். ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் மேல் 'டி' என்ற ஒரு பொருள் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். இதை ஆர்.எச். என்பார்கள். 'ரீசஸ்' என்ற குரங்கின் ரத்தத்தை வைத்து லாண்ட்ஸ்டைனர், வீனர் என்ற 2 விஞ்ஞானிகள் ஆராய்ச்சி செய்து 1940-ல் வெளியிட்டதால் குரங்கின் பேரே நிலைத்துவிட்டது.

நெகட்டிவ் ஒரு நோய் கிடையாது. வெள்ளைக்காரர்களில் 100-க்கு 15 பேர் நெகட்டிவ். நம் நாட்டில் சுமார் 5 பேர்தான். அருப்புக்கோட்டை போகிற டவுன் பஸ்சில் 60 பேர் இருந்தால் அதில் 3 பேருக்கு இருக்கலாம். அவர்களுக்கே தெரியாமல்கூட இருக்கலாம்.

வில்லங்கம் எங்கே?

தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் பிள்ளை பாசிட்டிவாக உருவாக வாய்ப்பு உண்டு. கர்ப்பத்தில் தாயின் ரத்தமும் பிள்ளையின் ரத்தமும் தனித்தனியாகத்தான் ஓடும். ஆனால் பிரசவத்தில் நச்சுக்கொடி பிரியும்போது பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் உடம்புக்குள் போய்விடும். சில சொட்டு போதும்.

தாயின் உடம்பு அந்த அணுக்களைப் பார்த்து, 'இது நம்ம சரக்கு இல்லையே' என்று எதிர்ப்புப் பொருளைத் தயார் செய்யும். அது மெதுவாகத்தான் நடக்கும். அதற்குள் முதல் பிள்ளை வெளியே வந்து தொட்டிலில் கிடக்கும். அதனால் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் உடம்பு மறக்காது. அடுத்த பிள்ளையும் பாசிட்டிவ் என்றால், இந்த எதிர்ப்புப் பொருள் நச்சுக்கொடி வழியாகவே உள்ளே புகுந்து பிள்ளையின் சிவப்பு அணுக்களை உடைக்கும். வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்கு ரத்தசோகை வரும், உடம்பு வீங்கும். சில பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்துவிடும். பிழைத்துப் பிறந்தாலும் பிறந்த அன்றைக்கே மஞ்சள் காமாலை பிடிக்கும். அது மூளைக்கு ஏறினால் காது கேட்காமல் போகலாம், கை, கால் முடங்கலாம். பிள்ளைக்குப் பிள்ளை பாதிப்பு கூடிக்கொண்டே போகும்.

தாய் பாசிட்டிவ், தகப்பன் நெகட்டிவ் என்றால் இந்தப் பிரச்சினை கிடையாது. 2 பேருமே நெகட்டிவ் என்றாலும் பயம் இல்லை. பிள்ளையும் நெகட்டிவாகத்தான் இருக்கும். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், சொந்தத்துக்குள் கட்டினால் கணவரும் நெகட்டிவாக இருக்க வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். சொந்தத்தில் கட்டுவதால் வேறு பரம்பரை நோய்கள் வரலாம், அது தனிக்கதை. இந்தப் பழியை மட்டும் அதன் மேல் போட முடியாது.

ஊசி என்ன செய்கிறது?

இதற்கான ஊசியின் பெயர் 'ஆன்டி-டி'. தாயின் உடம்புக்குள் புகுந்த பிள்ளையின் அணுக்களை, உடம்பு கண்டுபிடித்து எதிர்ப்பைக் கிளப்பும் முன்பே இது துடைத்து எடுத்துவிடும். அதனால்தான் பிரசவம் ஆகி 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்கிறார்கள். வழக்கமான அளவு 300 மைக்ரோகிராம். குழந்தைக்கு அல்ல, தாய்க்குப் போடும் ஊசி. குழந்தை பிறந்ததும் கொடி ரத்தத்தில் குரூப் பார்ப்பார்கள். பிள்ளையும் நெகட்டிவ் என்றால் ஊசியே தேவையில்லை.

72 மணி நேரம் என்பது 3 நாள். நார்மல் டெலிவரி என்றால் அதற்குள்ளேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆக, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். தவறிப்போனால் 'அவ்வளவுதான்' என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 10 நாள் வரைகூடப் போட்டால் ஓரளவு பலன் உண்டு.

கர்ப்பத்தின் 28-வது வாரத்தில், அதாவது 7-வது மாத வாக்கில், முன்கூட்டியே ஒரு ஊசி போடுவதும் உண்டு. ஊசியே போடாத காலத்தில் இப்படிப்பட்ட தாய்மாரில் 100-க்கு சுமார் 16 பேர் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவானது. பிரசவத்துக்குப் பிறகு போடும் ஊசி அதை ஒன்றிரண்டாகக் குறைத்தது. 7-வது மாத ஊசியும் சேர்ந்த பிறகு 1,000-த்துக்கு ஒன்றிரண்டு பேர்தான்.

ஒன்றை மறக்கக் கூடாது. எதிர்ப்புப் பொருள் ஏற்கனவே உருவாகிவிட்டால் இந்த ஊசியால் பயன் இல்லை. அது இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டின் பெயர் 'கூம்ப்ஸ்'. நெகட்டிவ் என்று தெரிந்த தாய்மாருக்கு இந்த டெஸ்ட் கட்டாயம் பார்க்க வேண்டும்.

கரு கலைந்தாலும் கவனம்

பிரசவம் மட்டும் அல்ல. கரு கலைந்தாலும், குழாயில் கரு தங்கினாலும், கர்ப்பிணி வண்டியில் இருந்து விழுந்து வயிற்றில் அடிபட்டாலும், இடையில் ரத்தம் பட்டாலும் பிள்ளையின் ரத்தம் தாய்க்குள் போகலாம். 12 வாரத்துக்குள் கரு கலைந்தால் ஊசி தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்னது. நம் நாட்டு டாக்டர்கள் பலர் போட்டுவிடுவதே நல்லது என்கிறார்கள். எதுவானாலும் டாக்டர் முடிவு செய்ய வேண்டிய விஷயம். மெடிக்கல் ஷாப்பில் யாருக்கும் தெரியாமல் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் குரூப் பார்ப்பது யார், ஊசி போடுவது யார்?

2 ஊர், 2 ஆஸ்பத்திரி

நம் பக்கத்தில் பெரிய சிக்கலே இதுதான். முதல் பிரசவம் தாய் வீட்டில், அடுத்தது புருஷன் ஊரில். கரிமூட்டம், மில் வேலை என்று குடும்பத்தோடு திருப்பூர், கோவை போனவர்களுக்கு 3-வது ஊர். முதல் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்களா இல்லையா என்பது அடுத்த ஆஸ்பத்திரிக்குத் தெரியாது. சீட்டு பரணில் கிடக்கும், இல்லாவிட்டால் கரையான் தின்றிருக்கும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போதே ரத்த குரூப் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள். அந்த அட்டையை மகப்பேறு உதவித்தொகைக்காக மட்டும் பத்திரப்படுத்தாமல், குரூப் எழுதின பக்கத்தை ஒரு தடவை படித்துப் பாருங்கள். நெகட்டிவ் என்றால் கணவரும் ரத்தம் கொடுத்து குரூப் பார்க்க வேண்டும். "பிள்ளை பெறப்போறது அவ, எனக்கு எதுக்கு டெஸ்ட்டு?" என்று நழுவுகிற ஆண்கள் நம் ஊரில் அதிகம். ஒரு சொட்டு ரத்தம், 5 நிமிட வேலை.

ஆன்டி-டி தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள ஊசி. வெளியில் வாங்கினால் கூலிக்காரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. எனவே பிரசவ தேதிக்கு முன்பே நர்சம்மாவிடம், "ஊசி இருக்கா? எங்கே போய் போடணும்?" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டால் நெகட்டிவ் ரத்தம் உடனே கிடைப்பது கஷ்டம். அதே குரூப் உள்ள அண்ணன், தம்பி யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள்.

"ரத்தத்தில் இருந்து எடுத்த ஊசியாமே?" என்று சிலர் பயப்படுகிறார்கள். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. ரத்தம் ஏற்றிய கொடுமையைப் பார்த்த மாவட்டம் இது. பயம் வரத்தான் செய்யும். ஆனால் இது ரத்தம் ஏற்றுவது போல அல்ல. ரத்தத்தின் நீரில் இருந்து பிரித்து, கிருமிகளை அழித்துத் தயாரிக்கும் மருந்து. மனித ரத்தமே இல்லாமல் ஆய்வகத்தில் தயாராகும் ஊசியும் நம் நாட்டில் வந்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்று ஒருவர் இருந்தார். 14 வயதில் ஆபரேஷன் நடந்து, அடுத்தவர் ரத்தத்தால் பிழைத்தவர். அவர் ரத்தத்தில் இந்த எதிர்ப்புப் பொருள் ஏராளமாக இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். 1954 முதல் 2018 வரை 1,173 தடவை கொடுத்தார். அதில் தயாரான ஊசி 24 லட்சம் குழந்தைகளைக் காப்பாற்றியதாகக் கணக்கு. 2025 பிப்ரவரியில் 88 வயதில் காலமானார்.

பாதிப்பு வந்துவிட்டால்?

இப்போது அதற்கும் வழி இருக்கிறது. ஸ்கேனில் பிள்ளையின் மூளை ரத்த ஓட்டத்தைப் பார்த்தே ரத்தசோகையைக் கண்டுபிடிக்கிறார்கள். வயிற்றில் இருக்கும்போதே கொடி வழியாகப் பிள்ளைக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள். சென்னையில் மெடிஸ்கேன் போன்ற மையங்களில் இது நடக்கிறது. பிறந்த பிறகு நீல லைட்டில் வைப்பார்கள், முற்றினால் ரத்தத்தையே மாற்றுவார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் பிள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் வெயிலில் காட்டுவது, மந்திரிப்பது, கீழாநெல்லி அரைப்பது எல்லாம் வேண்டாம். உடனே 108-க்கு போன் போடுங்கள்.

பெண் பார்க்கப் போன இடத்தில் 'பொண்ணுக்கு நெகட்டிவாம்' என்று தட்டிக் கழிக்கிற பேச்சும் இப்போது காதில் விழுகிறது. ஒரு ஊசியில் தீரும் விஷயத்துக்கு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவது அநியாயம்.

என் அக்காவுக்கு 2006-ல் 3-வதாக ஒரு பெண் பிறந்தாள். ஒரு பாதிப்பும் இல்லை. எங்க அத்தான் பாசிட்டிவ்தான். ஆனால் அவருக்குள் நெகட்டிவ் வித்தும் பாதி இருந்திருக்கிறது. அதனால் இவள் நெகட்டிவாகப் பிறந்தாள், தாயின் எதிர்ப்புப் பொருள் இவளை ஒன்றும் செய்யவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள். 'ஓ நெகட்டிவ்' என்று எழுதின அட்டையை பர்சில் வைத்திருக்கிறாள். போன மாதம் அவளுக்கு ஒரு நல்ல இடத்தில் இருந்து வரன் வந்தது. ஜாதகத்தைக் கொடுக்கும் முன்பே அக்கா கேட்ட முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு என்ன குரூப்பு?"

கழிப்பதற்காகக் கேட்கவில்லை. ஊசிக்குச் சொல்லி வைப்பதற்காக.