அடுப்படியில் நின்று ஆஸ்கார் வாங்கிய அம்மா!

காதலும் சிரிப்பும் கலந்த படம் என்றால், “சும்மா பொழுதுபோக்கு” என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். விருது என்று வந்தால் அழவைத்த நடிப்புக்குத்தான் முதல் மரியாதை! அந்த வழக்கத்தை மாற்றிக் காட்டிய அமெரிக்கப் படம் ஒன்று உண்டு. 1987-ல் வெளிவந்த ‘மூன்ஸ்ட்ரக்’. டைரக்டர் நார்மன் ஜூயிசன்.

1988 ஏப்ரலில் நடந்த ஆஸ்கார் விழாவில் சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை, சிறந்த திரைக்கதை என்று மூன்று பரிசுகளை அது தட்டிக்கொண்டு போனது. கதாநாயகி ஷெர், அவளுக்கு அம்மாவாக நடித்த ஒலிம்பியா டுகாகிஸ் இருவருக்கும் கோல்டன் குளோப் விருதும் கிடைத்தது.

கதை இதுதான்

நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் இத்தாலியக் குடும்பம். மகள் லொரெட்டாவுக்கு 37 வயது. புருஷனை பஸ் விபத்தில் பறிகொடுத்தவள். கணக்கு எழுதிப் பிழைக்கிறாள். தலையில் நரை. காதல் இல்லாவிட்டாலும் போகிறது, ஒரு துணை போதும் என்று ஜானியை மணக்கச் சம்மதிக்கிறாள். அவனோ, சாகக் கிடக்கும் அம்மாவைப் பார்க்க சிசிலிக்குப் போய்விடுகிறான். அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி ரோனியைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போனவள், அவனிடமே மனசைப் பறிகொடுக்கிறாள்!

ஷெர் அதுவரை பாடகியாகவே பெரும் புகழ் பெற்றிருந்தவர். ஓபரா பார்த்துவிட்டு மறுநாள் காலை வீடு திரும்பும்போது, தெருவில் கிடக்கும் காலி டப்பாவை உதைத்துக்கொண்டே வருகிறார் பாருங்கள், வாய் திறக்காமலே மனசின் துள்ளல் முழுக்கத் தெரிந்துவிடுகிறது.

அம்மா ரோஸ்

ஆனால், என் மனசில் நின்றது அம்மா ரோஸ்தான். ரொட்டியின் நடுவில் வட்டமாக வெட்டி, அதில் முட்டையை ஊற்றிப் பொரித்தபடியே மகளின் கதையைக் கேட்கிறவள். கணவர் காஸ்மோவுக்கு வேறொரு பெண்ணோடு பழக்கம். யாரும் சொல்லவில்லை, அவளுக்கே தெரிந்துவிடுகிறது. ஆண்கள் ஏன் இப்படி அலைகிறார்கள் என்று பார்க்கிறவர்களையெல்லாம் கேட்கிறாள். சாவைக் கண்டு பயந்துதான் என்பது அவள் கண்டுபிடிப்பு!

ஒரு நாள் ராத்திரி, ஓட்டலில் பழக்கமான புரொபசர் ஒருவர் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டு, உள்ளே வரலாமா என்கிறார். கணவரைப் பழிவாங்க நல்ல சந்தர்ப்பம். வேண்டாம் என்கிறாள். தான் யார் என்பது அவளுக்குத் தெரியுமாம்! இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

கடைசியில் காலைச் சாப்பாட்டு மேஜையில், எல்லோரும் இருக்கும்போதே கணவரிடம் சொல்கிறாள், அந்தப் பெண்ணைப் பார்ப்பதை நிறுத்த வேண்டும் என்று. அழுகை இல்லை, கூச்சல் இல்லை. அவர் எழுந்து மேஜையை ஓங்கித் தட்டுகிறார். மறுபடி உட்கார்ந்து, சரி என்கிறார். அவ்வளவுதான்!

பல வருஷம் மேடையில் உழைத்த ஒலிம்பியாவுக்கு அந்தப் பரிசு வந்தபோது வயது 56. ஷெருக்கு 41. நிஜத்தில் ‘அம்மா’வுக்கும் ‘பெண்’ணுக்கும் 15 வயதுதான் வித்தியாசம்!

சண்டை போடாமலே தன் மதிப்பைக் காப்பாற்றிக்கொள்கிற பெண்ணை நடித்துக் காட்டுவது லேசில்லை. படம் கிடைத்தால், வயதுக்கு வந்த பெண்ணையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். அந்தச் சாப்பாட்டு மேஜைக் காட்சி வரும்வரை, குக்கர் விசில் அடித்தாலும் எழுந்துவிடாதீர்கள்!