வெளிநாட்டுக் கைபேசிக்கு எந்த மென்பொருள்?

வளைகுடாவில் உழைக்கும் உறவினர் கொணர்ந்த கைபேசி நம் கோவிந்தாபுரத்து இல்லங்களிலும் உண்டு. அவற்றுள் சிலவற்றில் ஜியோ சிம்மை இட்டால் இணையம் வரும், பேச்சு வராது. காரணம் யாது? 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி இல்லை. பேச்சும் 4ஜி வழியே செல்லவேண்டும். அதற்குரிய அமைப்பு கைபேசியின் மூல மென்பொருளில் இருத்தல் அவசியம்.

சாம்சங்கில் இந்தியப் பதிப்பின் குறி ஐ.என்.எஸ்.; ஐக்கிய அரபு அமீரகத்தினது எக்ஸ்.எஸ்.ஜி. பதிப்பை மாற்ற விழைவோர் மாடல் எண் ஒன்றேயா என நோக்குக. பிறிதொரு மாடலுக்குரியதை ஏற்றினால் கருவியே பாழாகலாம். பழைய பதிப்புக்குத் திரும்புதலும் பெரும்பாலும் இயலாது. படங்களும் எண்களும் அழியக்கூடுமாதலால் முன்னரே நகலெடுத்துக் கொள்க.

நாம் கூறுவது இதுவே: முதலில் 2ஜியும் உள்ள ஏர்டெல் போன்ற வேறொரு சிம்மை இட்டுப் பாருங்கள். பேச்சு வந்துவிட்டால் மென்பொருளைத் தொடவேண்டா. நள்ளிரவில் கடல் கடந்து வரும் அழைப்பு தவறிப்போவதினும் பெரிய நஷ்டம் உண்டோ?