அலுவலகம் செல்லும் வண்டி: கழற்றும் முன்பும் பூட்டும் முன்பும்

புதிய மோட்டார் சைக்கிள் வீடு வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமையன்று நம்மில் பலர் ஸ்பேனரைக் கையில் எடுப்பது, பெரும்பாலும் எதையேனும் கழற்றுவதற்காகத்தான். பின்சக்கரத்தின் இடப்புறம் உள்ள சாரி கார்டு, இருக்கையின் பின்னுள்ள கைப்பிடிக் கம்பி, சங்கிலியை மூடியிருக்கும் உறை, சில வேளைகளில் பக்கக் கண்ணாடிகள் ஆகியவை, பார்வைக்கு எடுப்பாக இல்லை என்ற ஒரே குற்றத்திற்காகப் பரணுக்குப் போய்விடுகின்றன. வண்டியைத் ‘தனக்கேற்றபடி’ மாற்றிக்கொள்வதன் முதற்படி இதுவே என்று எண்ணப்படுகிறது.

நானும் அவ்வாறே எண்ணியவன். புனே நகரில் ஹடப்சரிலிருந்து சிவாஜி நகர் வரை, ஒரு வழிக்கு ஏறத்தாழ 11 கிலோமீட்டர், நாள்தோறும் சென்று வருவதற்காக எட்டு ஆண்டுகளுக்கு முன் வங்கிக் கடனில் ஒரு 100 சி.சி. வண்டி வாங்கினேன். வாங்கிய வாரமே சாரி கார்டைக் கழற்றினேன். சில மாதங்களுக்குப் பிறகு ஊரிலிருந்து வந்திருந்த தாயாரைப் பின்னால் அமர்த்திக்கொண்டு சென்றபோது, ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும் நேரத்தில் அவருடைய சேலையின் முனை சக்கரத்துக்குள் சிக்கிக்கொண்டது. வண்டி ஏறக்குறைய நின்றுவிட்ட வேகத்தில் இருந்தமையால் சேலை கிழிந்ததோடு போயிற்று. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “இந்த இடத்தில் ஒரு கம்பி இருக்குமேடா, அது எங்கே?” என்று மட்டும் கேட்டார். அன்று மாலையே பரணில் ஏறித் தேடினேன். அதை மீண்டும் பொருத்த இரண்டு போல்ட்டுகளும் கால் மணி நேரமும் போதுமாயிருந்தன.

பின்னால் ஒருவர் அமரும் வசதியுள்ள மோட்டார் சைக்கிளில் நிலையான கைப்பிடியும், கால் வைக்கும் படியும், அமர்பவரின் ஆடை சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆவது விதி கூறுகிறது. சேலையோ துப்பட்டாவோ அணிந்தவர் ஒருபுறமாகத் திரும்பி அமர்ந்து செல்லும் நாட்டில், இந்தக் கம்பிச் சட்டத்தைவிடப் பயனுள்ள துணைப்பொருள் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சங்கிலி உறையும் அத்தகையதே. சேற்றையும் புழுதியையும் தடுத்துச் சங்கிலியின் ஆயுளைக் கூட்டுவது அந்த அழகற்ற தகரந்தான்.

ஆகவே கழற்றுவதை நிறுத்திக்கொண்டு, இருப்பதை நம் உடலுக்கேற்பத் திருத்துவதிலிருந்து தொடங்குவோம். இதற்குப் பெரும்பாலும் செலவே இல்லை.

தொழிற்சாலை வண்டியை ஒரு சராசரி மனிதருக்காக அமைத்து அனுப்புகிறது. அந்தச் சராசரி மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. வண்டி நம்மைத் தொடும் இடங்கள் மூன்று: கை, இருக்கை, கால். பிரேக், கிளட்ச் நெம்புகோல்களைத் தாங்கும் பிடிகளைச் சற்றே தளர்த்தி, முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் அமையுமாறு கீழ்நோக்கித் திருப்பிவைத்தால், மாலையில் மணிக்கட்டில் தோன்றும் வலி பெருமளவு குறையும். நெரிசலில் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கிளட்சை அழுத்துகிறோம் என்பதை ஒருநாள் எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். கியர் நெம்புகோலின் உயரத்தையும் நாம் அணியும் காலணிக்கு ஏற்ப மாற்றலாம். செருப்பணிந்து ஓட்டுபவருக்குப் பொருந்தும் உயரம், அலுவலக ஷூ அணிபவருக்குப் பொருந்தாது. பின்பக்க ஷாக் அப்சார்பரில் படிப்படியாக இறுக்கம் கூட்டும் வளையம் பல வண்டிகளில் உண்டு. தனியாகச் செல்பவர் தளர்ந்த நிலையிலும், நாள்தோறும் இருவராகச் செல்பவர்கள் இறுகிய நிலையிலும் வைத்துக்கொள்ள வேண்டும். வண்டி வாங்கி ஐந்தாண்டு ஆகியும் அப்படியொரு வளையம் இருப்பதே தெரியாதவர்களை நான் அறிவேன். இவற்றையெல்லாம் முறையான பராமரிப்புக்கு விடும் நாளில் மெக்கானிக்கிடம் சொல்லியே செய்துகொள்ளலாம். சொல்லாவிட்டால் அவர் செய்யமாட்டார்.

இருக்கைக்குச் சிறிது செலவு செய்வது தகும். தேய்ந்து அமுங்கிய நுரையின் மேல் பளபளப்பான புதிய உறை போடுவதால் பயனில்லை. உறை தைக்கும் கடையில், உள்ளிருக்கும் நுரையை அழுத்தமானதாக மாற்றித் தரும்படி கேட்க வேண்டும். மிக மென்மையான நுரை கடையில் அமர்ந்து பார்க்கும்போது சுகமாக இருக்கும். பத்தாவது கிலோமீட்டரில் அடித்தகடு தட்டுப்படும். வெயிலில் நிறுத்தவேண்டிய இடமாயின், காற்றுப் புகும் வலையுறை ஒன்றை மேலே போட்டுக்கொள்வது கறுப்பு ரெக்சினின் சூட்டிலிருந்து காக்கும். இருக்கையின் உயரத்தைக் குறைக்கவேண்டியவர்கள் நுரையைச் செதுக்கிக் குறைத்துக்கொள்ளலாம். ஷாக் அப்சார்பரையோ சட்டகத்தையோ தொடுவது கூடாது.

அடுத்தது சுமை. மதிய உணவு, மடிக்கணினி, மழைச்சட்டை, திரும்பும் வழியில் வாங்கும் காய்கறி ஆகிய நான்கையும் தோளில் சுமப்பவருக்கு நாற்பது வயதில் முதுகு கணக்குக் கேட்கும். பக்கப்பெட்டியோ பின்பெட்டியோ இதற்குத் தீர்வு. மோட்டார் வாகன விதிகளில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மோட்டார் சைக்கிளில் பொருத்தும் இலகுவான பெட்டி 550 மி.மீ. நீளம், 510 மி.மீ. அகலம், 500 மி.மீ. உயரம் ஆகிய அளவுகளை மீறக் கூடாது. பின்னால் அமர்பவரின் இடத்தில் பெட்டியை வைத்தால் ஓட்டுநர் மட்டுமே செல்லலாம். அந்த இடத்திற்கும் பின்னால் வைத்தால், உற்பத்தியாளர் குறித்த மொத்த எடைக்குள் இரண்டாமவரும் செல்லலாம். சட்டம் எவ்வாறாயினும், கனமான பொருளைப் பின்கோடியில் வைப்பது முன்சக்கரத்தின் பிடிப்பைக் குறைக்கும் என்பதை ஒரு மழைநாள் மேம்பாலத்தில் எவரும் உணரலாம். தண்ணீர்ப் புட்டியும் பூட்டும் போன்ற கனமானவை பக்கப்பெட்டியின் அடியில் இருக்கட்டும். மழைச்சட்டை பின்னால் இருக்கட்டும். பெட்டியின் பின்புறத்தில் ஒட்டும் சிவப்புநிறப் பிரதிபலிப்பு நாடா மலிவானது. தெருவிளக்கு இல்லாத சாலையில் நம்மைப் பின்னால் வருபவருக்குக் காட்டித் தருவது அதுவே.

மழைக்காலத்தைப் பற்றி ஒரு சொல். முன் மட்கார்டின் கீழ்முனையில் ரப்பர்ப் பட்டை ஒன்றை நீட்டிப் பொருத்தினால் ஷூவும் எஞ்சினும் சேற்றிலிருந்து தப்பும். இந்தச் சிறு பட்டைக்காக ஜூன் முதல் செப்டம்பர் வரை நான் நன்றி பாராட்டுகிறேன்.

மின்சாதனங்களில்தான் கூடுதல் கவனம் தேவை. நூறு சி.சி. வண்டிகளில் பலவற்றின் முகப்பு விளக்கு 35 வாட் அளவினது. அவற்றின் மின்னாக்கியும் பேட்டரியும் அந்தச் சிறு குடும்பத்தைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டவை. கைப்பேசிக்கு மின்னேற்றும் இணைப்பு ஒன்று ஏறத்தாழ 10 வாட் கேட்கும். அதை வண்டி தாங்கும். 20 வாட் வீதம் இரண்டு கூடுதல் விளக்குகளைப் பூட்டினால், அவை முகப்பு விளக்கைவிட அதிகமாக உண்ணும். பிறகு ஒரு காலையில் ஸ்டார்ட்டர் பொத்தான் வெறும் ‘டிக்’ என்று மட்டும் பதில் சொல்லும். எதைப் பொருத்தினாலும் சாவியைத் திருப்பினால் மட்டுமே மின்சாரம் பாயும் கம்பியிலிருந்து, ஃபியூஸ் வைத்துப் பொருத்தச் சொல்ல வேண்டும். மூலக்கம்பியை வெட்டி நாடா சுற்றி ஒட்டுவது தீவிபத்துக்கும், உத்தரவாதத்தை இழப்பதற்கும் வழி. சாதாரண பல்புக்காக வடிவமைக்கப்பட்ட முகப்பு விளக்கில் கண்ணைப் பறிக்கும் எல்.இ.டி. பல்பைத் திணிப்பதும் தவறு. அதன் ஒளி சாலையில் குவியாமல் எதிரே வருபவரின் கண்ணில் சிதறும். கைப்பேசியைக் கைப்பிடியில் தாங்கியில் மாட்டுவோரும் ஒன்றை அறிய வேண்டும்: மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு தன் கைப்பேசிகளின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைத் தணிக்கும் தாங்கியை வாங்குவது நலம். வழியைக் காதில் கேட்டுக்கொண்டு கைப்பேசியைப் பையில் வைத்திருப்பது அதனினும் நலம்.

குழந்தையை அழைத்துச் செல்பவர்களுக்கு 2023 பிப்ரவரி முதல் புதிய விதி நடைமுறையில் உள்ளது. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும், அதன் தலைக்குப் பொருந்தும் தலைக்கவசமும் கட்டாயம். வேகமும் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வண்டிக்கு வண்ணப் பட்டை ஒட்டுவதற்கு முன் இந்தப் பட்டையை வாங்கிவிட வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியவை. திரும்ப முடியாதவற்றைச் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தில், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க வழிசெய்யப்பட்டுள்ளது. சட்டகத்தை வெட்டுவது, வேறு எஞ்சினைப் பூட்டுவது போன்றவை இவ்வகையின. உறுமும் சைலன்சருக்கும் பலகுரல் ஹாரனுக்கும் தனி விதிகளே தடையாக நிற்கின்றன. வண்டியின் நிறத்தை முழுமையாக மாற்ற விரும்புவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பதிவுச் சான்றிதழில் அதைப் பதிந்துகொள்ள வேண்டும். எண் பலகையில் எண்ணைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. குலதெய்வத்தின் பெயரோ குழந்தையின் பெயரோ டேங்கின் மேல் தாராளமாக இருக்கலாம்.

கடனில் வாங்கிய வண்டியாயின், கடன் தீரும் வரை அதன் பதிவுச் சான்றிதழில் வங்கியின் ஹைப்பாதிகேஷன் குறிப்பு இருக்கும். அதாவது, வண்டி நம் கையில் இருந்தாலும் கடனுக்கு ஈடாகவும் நிற்கிறது. ஈட்டின் தன்மையை மாற்றும் எதையும் செய்யும் முன் கிளையில் கேட்டுக்கொள்வது முறை. வாங்கும்போதே விற்பனையகத்தில் துணைப்பொருள்களைப் பட்டியலில் சேர்த்து, அவற்றையும் கடனுக்குள் அடக்கிவிடும் வழக்கமும் உண்டு. 6,000 ரூபாய்த் துணைப்பொருள்களை 12 விழுக்காடு வட்டியில் 36 மாதத் தவணையில் வாங்கினால், செலுத்தி முடிக்கும்போது ஏறத்தாழ 7,174 ரூபாய் ஆகியிருக்கும். பெட்டியும் இருக்கை உறையும் ஓரிரு மாதம் ஓட்டிப் பார்த்தபின், தேவை தெரிந்து, கைக்காசில் வாங்கத் தக்கவை. என் வண்டிக்கு எட்டு ஆண்டுகளில் இவ்வகையில் ஆன செலவு 5,000 ரூபாயைத் தொடவில்லை.

காப்பீட்டில்தான் பலர் ஏமாறுகின்றனர். உற்பத்தியாளரின் விலையில் அடங்காத துணைப்பொருளைப் பொருத்தினால், அதைக் காப்பீட்டு நிறுவனத்திற்குத் தெரிவித்து, உரிய கூடுதல் பிரீமியம் செலுத்திச் சேர்த்தால்தான் அதற்கு இழப்பீடு கிடைக்கும். தெரிவிக்காத விளக்கு திருட்டுப் போனால் அது நம் இழப்பே. ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் பேட்டரிக்கும் இழப்பீட்டில் வழக்கமாக 50 விழுக்காடு தேய்மானம் கழிக்கப்படும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். விதிக்கு மாறான மாற்றம் விபத்துக்குக் காரணமென்று தோன்றினால், கோரிக்கை முழுவதுமே கேள்விக்குள்ளாகலாம். ஆதலின் பொருத்தும் ஒவ்வொன்றுக்கும் பில் வாங்கிப் பாலிசியோடு சேர்த்து வைப்பது நல்லது.

புதிதாகப் பொருத்திய போல்ட்டுகள் அனைத்தையும் ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும். அதிர்வில் அவை தளரும். என் வண்டியில் முதலில் தளர்வது சாரி கார்டின் கீழ் போல்ட்டுத்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, காற்றழுத்தம் பார்க்கும் முன், அதைப் பார்த்துவிடுகிறேன்.