கடை திறந்திருக்கிறது, வரைபடத்தில் மூடியிருக்கிறது

மாதுங்காவிலும் செம்பூரிலும் மெஸ், காபிப்பொடிக் கடை, டியூஷன் வகுப்பு என்று தொழில் நடத்தும் நம் குடும்பங்களுக்கு, வாசலில் தொங்கும் போர்டைவிடக் கூகுள் மேப்ஸ் முக்கியமாகிவிட்டது. புதிதாக வருபவர் தெருவில் யாரையும் விசாரிப்பதில்லை. கைப்பேசி காட்டும் வழியில் வருகிறார். அதில் 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று இருந்தால், அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தாலும் அவரைப் பொறுத்தவரை அங்கே கடை இல்லை.

இப்படி எழுதுவது யார்? ஒவ்வொரு கடையின் விவரத்துக்குக் கீழும் திருத்தம் தெரிவிக்கும் வசதி உண்டு. பெயர், நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை மாற்றச் சொல்லியோ, கடையை மூடிவிட்டார்கள் என்றோ எவரும் தெரிவிக்கலாம். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். கடை கடையாக ஆளனுப்பிப் பார்ப்பது நடக்கிற காரியமா? ஆனால் போட்டிக்காரர் வேண்டுமென்றே செய்யும் திருத்தமும் அந்த வழியாகவே நுழைகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் 'செர்பியன் கிரவுன்' என்ற உணவகம் 2013-இல் மூடப்பட்டது. சனி, ஞாயிறு விடுமுறை என்று கூகுள் தவறாகக் காட்டியதால்தான் வியாபாரம் படுத்தது என்று உரிமையாளர் வழக்குப் போட்டார். அவ்வளவு தூரம் போவானேன்? 2018-இல் நம் மகாராஷ்டிராவிலேயே, மேப்ஸில் பாங்க் ஆஃப் இந்தியா கிளைகளின் எண்களை மோசடிக்காரர்கள் மாற்றிவிட்டார்கள். வங்கி என்று நம்பி அழைத்தவர்கள் அட்டை விவரங்களைச் சொல்லிப் பணம் இழந்தார்கள்.

முதலில் கடைப் பதிவை உங்கள் உரிமையாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கான சேவையின் பெயர் 'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்'. 2021 வரை 'கூகுள் மை பிசினஸ்' என்றிருந்தது. கட்டணம் கிடையாது. 'கூகுளிலிருந்து பேசுகிறோம், பதிவுக்குப் பணம் கட்டுங்கள்' என்று யாராவது அழைத்தால் போனை வைத்துவிடுங்கள். கைப்பேசிக்கு வரும் சரிபார்ப்பு எண்ணையும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

முன்பெல்லாம் ரயில்வேயில் ஒற்றைத் தண்டவாளப் பகுதியில், டோக்கன் கைக்கு வராமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். இங்கே டோக்கன் என்பது பதிவு செய்த ஜிமெயில் கணக்கு. பல கடைகளில் அது, கணினி தெரிந்த பையனின் சொந்த ஜிமெயிலாக இருக்கிறது. பையன் வேறு வேலைக்குப் போனால் டோக்கனும் கூடவே போய்விடும். முதலாளியே முதன்மை உரிமையாளராகவும், பிள்ளையோ பெண்ணோ இரண்டாவது உரிமையாளராகவும் இருக்கட்டும். ஊழியருக்கு 'மேனேஜர்' நிலை போதும். அந்த நிலையில் இருப்பவர் மற்றவர்களைச் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. கணக்குக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பும் அவசியம்.

பதிவு நம் பெயருக்கு வந்துவிட்டால் யாரும் தொட முடியாது என்று நினைப்பது தவறு. அதன் பிறகும் திருத்தங்கள் வரும். கூகுள் ஏற்றுக்கொண்ட மாற்றம் உங்கள் ப்ரொஃபைலில் தனியாகத் தெரியும், சரியில்லை என்றால் நிராகரிக்கலாம். ஆகவே அந்த மின்னஞ்சலை வாரம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். வேறொருவர் உங்கள் பதிவுக்கு உரிமை கோரினாலும் கடிதம் அங்கேதான் வரும். சில நாட்களுக்குள் மறுக்காவிட்டால் பதிவு அவர் கைக்குப் போகவும் வாய்ப்புண்டு. திருத்துவதற்கு முன் தவறான பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள்.

போர்டு, குமாஸ்தா லைசென்ஸ், மின்சார பில் ஆகியவற்றில் உள்ள பெயரே மேப்ஸிலும் இருக்கட்டும். சிலர் பெயரோடு 'பெஸ்ட் இட்லி இன் மும்பை' என்றெல்லாம் ஒட்டுகிறார்கள். அது விதிமீறல், புகார் போனால் பதிவே முடக்கப்படலாம், அப்போது இந்தக் காகிதங்களைத்தான் கேட்பார்கள்.

மே மாதம் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் செய்யவேண்டும். பூட்டைப் பார்த்துவிட்டு, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாத வாடிக்கையாளரே 'மூடிவிட்டார்கள்' என்று தெரிவித்துவிடுவார். கிளம்பும் முன் 'தற்காலிகமாக மூடப்பட்டது' என்று நீங்களே குறித்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கும் அன்றே அதை மாற்றிவிடுங்கள்.